படிக்காம கையெழுத்து போட்டுட்டேன், அது சார்ட்டர் ஸ்கூல் பெட்டிஷனாம். இப்ப என்ன பண்றது?

நித்யா_பேஏரியா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மூணு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி விடற நேரம், பார்க்கிங் லாட்ல ஒருத்தங்க க்ளிப்போர்டோட நின்னுட்டு இருந்தாங்க. சின்னவன் பசிக்குதுன்னு கையப் பிடிச்சு இழுக்கறான், பெரியவ அதுக்குள்ள கார்கிட்ட போயிட்டா. "நம்ம ஏரியாவுக்கு நல்ல ஸ்கூல் வரப்போகுது, மேத்ஸ் சயின்ஸ் எல்லாம் நல்ல லெவல், ஃபீஸ் கிடையாது, உங்களுக்கு ஆர்வம் இருக்குன்னு ஒரு கையெழுத்து மட்டும் போதும்"னு சொன்னாங்க. நல்ல விஷயம்தானேன்னு பேர், அட்ரஸ், பசங்க என்ன கிரேடு எல்லாம் எழுதி கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். மேல பொடி எழுத்துல என்ன இருந்துச்சுன்னு பாக்கவே இல்ல.

போன வாரம் பெரியவளோட எலிமெண்டரி ஸ்கூலுக்கு புக் சார்ட் பண்ற வாலண்டியர் வேலைக்கு போயிருந்தேன். அங்க லைப்ரரில இருக்கறவங்க, பத்து வருஷத்துக்கு மேல அங்கயே இருக்காங்க, எந்தப் புள்ளைக்கு எந்த புக் பிடிக்கும்னு பேரோட சொல்வாங்க, அவங்களோட வேலை நேரத்தை அடுத்த வருஷம் டிஸ்ட்ரிக்ட் (ஊர்ல இருக்கற அரசுப் பள்ளிகளை நடத்தற அமைப்பு) வாரத்துக்கு ரெண்டு நாளா குறைக்கப் போகுதுன்னு சொன்னாங்க. ஏற்கனவே டிஸ்ட்ரிக்ட்ல பசங்க எண்ணிக்கை குறைஞ்சிட்டே வருது, இப்ப புதுசா ஒரு சார்ட்டர் ஸ்கூல் (அரசுப் பணத்துல, ஆனா டிஸ்ட்ரிக்ட் இல்லாம தனி அமைப்பு நடத்தற ஸ்கூல்) திறக்க அனுமதி கேட்டு பெட்டிஷன் வேற வந்திருக்கு, அது பாஸ் ஆச்சுன்னா ரெண்டு நாளும் இருக்குமான்னு தெரியலன்னாங்க. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல அந்த பெட்டிஷனைத் திறந்து பாத்தா, நான் போட்ட அதே ஃபார்ம். "என் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்க்க உண்மையான ஆர்வம் உள்ளது"ங்கற மாதிரி மேல எழுதியிருக்கு. என் பொண்ணை அங்க அனுப்பற எண்ணமே எனக்கு கிடையாது.

அடுத்த புதன்கிழமை, நாம ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற டிஸ்ட்ரிக்ட் போர்டோட மீட்டிங்ல இந்த பெட்டிஷனுக்கு பப்ளிக் ஹியரிங். ஆளுக்கு 2 நிமிஷம் பேசலாமாம். எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். சார்ட்டரும் பப்ளிக் ஸ்கூல்தான், ஃப்ரீதான்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்புறம் ஏன் இவ்ளோ எதிர்ப்பு? அப்புறம் அந்த 2 நிமிஷத்துல நான் என்ன சொன்னா போர்டு காதுல ஏறும்? வீட்டுக்காரர் "நமக்கு ஏன் வம்பு, இன்னொரு ஆப்ஷன் இருந்தா நல்லதுதானே"ங்கறார். என்னால அவருக்கும் ஒழுங்கா பதில் சொல்ல முடியல.

சரவணன்_ஓக்லண்ட்

நித்யா, முதல்ல மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. எங்க ஏரியாவுலயும் மளிகைக் கடை வாசல், கோயில் வாசல்னு இப்படித்தான் வாங்கினாங்க. கலிஃபோர்னியா சட்டப்படி புது சார்ட்டர் ஆரம்பிக்கணும்னா முதல் வருஷம் எத்தனை பசங்க சேருவாங்கன்னு சொல்றாங்களோ அதுல பாதி பேரோட பெற்றோர் கையெழுத்து வேணும், இல்லன்னா வேலைக்கு வரப்போற டீச்சர்கள்ல பாதி பேர் போடணும். அதனால உங்க கையெழுத்து சும்மா ஒரு வாழ்த்து கிடையாது, அது கணக்குல சேருது. இன்னைக்கே போர்டுக்கு ஒரு ஈமெயில் போடுங்க, என்கிட்ட என்ன சொல்லி வாங்கினாங்க, என் பிள்ளையைச் சேர்க்கற எண்ணம் எனக்கு இல்லன்னு ரெண்டே வரி, அது ரெக்கார்ட்ல ஏறட்டும்.

இப்ப ஏன் எதிர்ப்புங்கறது. உங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. ஒரு எலிமெண்டரி ஸ்கூல்ல 480 பசங்கன்னு வைங்க. சார்ட்டருக்கு 24 பேர் போறாங்க. அந்த 24 பேரும் ஒரே கிளாஸ்ல இருந்து போக மாட்டாங்க, கிண்டர்ல ஒரு மூணு பேர், செகண்ட் கிரேடுல அஞ்சு பேர்னு சிதறித்தான் போவாங்க. கிளாஸுக்கு ஒண்ணு ரெண்டு நாற்காலி காலியாகும், அவ்ளோதான். அதுக்காக ஒரு டீச்சரை எடுக்க முடியுமா? பிரின்சிபாலை பாதி ஆக்க முடியுமா? ஹீட்டர் கொஞ்சம் கம்மியா எரியுமா, கூரை கொஞ்சம் கம்மியா ஒழுகுமா? பெரிசா எந்தச் செலவும் குறையாது. ஆனா கலிஃபோர்னியால பணம் வர்றது பசங்களோட தினசரி வருகைக் கணக்கை வெச்சு, அதனால 24 பேருக்கான பணம் அப்படியே போயிடும். அப்ப கை வைக்க முடியற இடம் எதுன்னு பாருங்க, லைப்ரரி, கவுன்சிலர், நர்ஸ், மியூசிக் டீச்சர். உங்க லைப்ரரி அம்மா சொன்னது அதுதான்.

எங்க ஓக்லண்ட்ல 2018-ல கார்டன் லேஃபர்னு ஒரு ஆய்வாளர் இதையே கணக்கு போட்டார், சார்ட்டர்களால டிஸ்ட்ரிக்ட்டுக்கு வருஷத்துக்கு 57.3 மில்லியன் டாலர் இழப்புன்னு வந்துச்சு. அதுல எவ்ளோ கூட குறைச்சல்னு சார்ட்டர் ஆளுங்க சண்டை போட்டாங்க, ஆனா செலவு குறையாம வரவு மட்டும் குறையுதுங்கறதுதான் அதோட அடிப்படைக் கணக்கு. அடுத்த வருஷமே எல்ஏல 30,000 டீச்சர்கள் 6 ஸ்கூல் நாள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க, சம்பளம் மட்டும் கேக்கல, நர்ஸ் வேணும், லைப்ரரியன் வேணும், புது சார்ட்டரை நிறுத்துங்கன்னும்தான் கேட்டாங்க. மழையில நனைஞ்சிக்கிட்டே நின்னாங்க. ஸ்ட்ரைக் முடிஞ்சு ஒரு வாரத்துல அந்த போர்டே புது சார்ட்டர்களை கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்கன்னு ஸ்டேட்டைக் கேட்டு தீர்மானம் போட்டுச்சு.

அந்த வருஷம் வந்ததுதான் ஏபி 1505ங்கற கலிஃபோர்னியா சட்டம். உங்க 2 நிமிஷத்துக்கு இதுதான் முக்கியம், கவனமா படிங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் பெட்டிஷன் ஒழுங்கா எழுதியிருந்தா, டிஸ்ட்ரிக்ட்டுக்கு நஷ்டம்ங்கற ஒரே காரணத்துக்காக போர்டு மறுக்க முடியாது. இப்ப முடியும். இருக்கற சேவைகளை இது பெரிய அளவுல பாதிக்குமா, ஏற்கனவே டிஸ்ட்ரிக்ட்ல இருக்கற ப்ரோக்ராமையே திரும்ப கொண்டு வருதா, மொத்த சமூகத்துக்கும் இது நல்லதான்னு போர்டு பாக்கலாம், அதைக் காரணமா சொல்லி மறுக்கலாம். அதனால போய் நின்னு "சார்ட்டர் ஒழிக"ன்னு பேசிட்டு வராதீங்க, அது அவங்களுக்கு எழுதிக்க உதவாது. எந்த ஸ்கூல்ல எந்த ப்ரோக்ராம் இருக்கு, அது எப்படி பாதிக்கும்னு பேர் சொல்லிப் பேசுங்க. அவங்க மேத்ஸ் சயின்ஸ்னு சொல்றாங்கல்ல, உங்க மிடில் ஸ்கூல்ல அதே மாதிரி அட்வான்ஸ்ட் மேத்ஸ் ட்ராக் இருந்தா அதைச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பெட்டிஷன் குடுத்ததுல இருந்து 60 நாளுக்குள்ள ஹியரிங், 90 நாளுக்குள்ள போர்டோட ஓட்டு. ஓட்டுக்கு 15 நாள் முன்னாடி டிஸ்ட்ரிக்ட் ஸ்டாஃப் ரிப்போர்ட் வெளிய வந்தாகணும். அதை எடுத்துப் படிங்க.

ஜெயந்தி_க்ளாஸ்ரூம்

நித்யா, நான் பப்ளிக் ஸ்கூல்ல ஸ்பெஷல் எட் கிளாஸ்ல (தனி உதவி தேவைப்படற பசங்களுக்கான கிளாஸ்) பாராவா, அதாவது டீச்சருக்கு உதவியாளரா இருக்கேன், இது ஒன்பதாவது வருஷம். சரவணன் சார் பணத்தைப் பத்தி சொல்லிட்டார், நான் பசங்களைப் பத்தி சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஃபிப்ரவரி மாசம் ஒரு பையன் எங்க கிளாஸுக்கு வந்தான். செகண்ட் கிரேடு. அவன் அதுக்கு முன்னாடி படிச்ச சார்ட்டர் ஸ்கூலோட நேவி ப்ளூ போலோ ஷர்ட்டைத்தான் முதல் ரெண்டு வாரமும் போட்டுட்டு வந்தான், அம்மா வேற ஷர்ட் வாங்கிக் குடுத்தும் மாத்த மாட்டேன்னுட்டான், ஏன்னா அவனுக்கு தான் இன்னும் அந்த ஸ்கூல்னுதான் நினைப்பு. யாரும் அவனை வெளிய போன்னு சொல்லல. அப்படிச் சொல்லவும் முடியாது, சார்ட்டருக்கும் ஸ்பெஷல் எட் சட்டம் எல்லாம் அப்படியே பொருந்தும். அவனோட அம்மாவை வாரத்துக்கு மூணு தடவை மத்தியானம் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. ஐஇபி (அந்தப் பிள்ளைக்கு என்னென்ன உதவி தரணும்னு எழுதற திட்டம்) மீட்டிங்ல உட்கார வெச்சு "இந்தச் சூழல் இவனுக்கு சரிப்பட்டு வருமான்னு நீங்களே யோசிங்க"ன்னு பக்குவமா சொல்லியிருக்காங்க. அந்தம்மா வேலையை விட முடியாம பையனை அங்கேயிருந்து எடுத்துட்டாங்க. பேப்பர்ல பாத்தா "பெற்றோர் விருப்பப்படி விலகல்".

ஐஇபியைத் திறந்து பாத்தா வாரத்துக்கு 60 நிமிஷம் ஸ்பீச் தெரபின்னு போட்டிருக்கு. அவன்கிட்ட ஸ்பீச் டீச்சர் பேரு கேட்டேன். அவனுக்கு ஒருத்தர் பேரும் தெரியல.

எல்லா சார்ட்டரும் இப்படின்னு சொல்ல மாட்டேன், நல்லா பாத்துக்கற இடமும் உண்டு. ஆனா இது ஏதோ ஒரு ஸ்கூல் கதையும் இல்ல. ஃபெடரல் கவர்மென்ட்டோட தணிக்கை அலுவலகம் ஜிஏஓ 2012-ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, சாதாரண பப்ளிக் ஸ்கூல்கள்ல ஸ்பெஷல் எட் பசங்க கிட்டத்தட்ட 11 சதவீதம், சார்ட்டர்ல 8 சதவீதம்தான். அதிக உதவி தேவைப்படற பசங்க யார்கிட்ட மிஞ்சறாங்கன்னு பாருங்க, பணம் குறைஞ்சுபோன ஸ்கூல்கிட்டதான். நாங்க யாரையும் சரிப்பட்டு வராதுன்னு சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். நடு வருஷத்துல வந்தாலும், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாம வந்தாலும், அட்ரஸ் இல்லாம மோட்டல்ல தங்கியிருந்தாலும், மறுநாள் காலைல அவனுக்கு ஒரு டெஸ்க் இருக்கும்.

முரளி_எல்ஏ

மன்னிக்கணும், நான் கொஞ்சம் வேற மாதிரி பேசப்போறேன். நாங்க 2015-ல வந்தப்ப ஒரு சின்ன அபார்ட்மென்ட்ல இருந்தோம், நல்ல ஸ்கூல் இருக்கற ஏரியால வாடகை கட்ட எங்களால முடியல. எங்க மிடில் ஸ்கூல்ல என் பொண்ணுக்கு ஏழாம் கிரேடு மேத்ஸுக்கு வருஷம் பூரா சப்ஸ்டிட்யூட் டீச்சர்தான், மாசத்துக்கு ஒரு முகம். சார்ட்டர் லாட்டரில பேரு விழுந்துச்சு, போனோம், அவ உருப்பட்டா. நாங்க என்ன டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டைக் காப்பாத்தறதுக்காக அவளை அங்கேயே விட்டிருக்கணுமா? மில்லியன் டாலர் வீடு வாங்கி நல்ல ஸ்கூலுக்குப் போறவங்களை யாரும் கேள்வி கேக்கறதில்ல, எங்களை மட்டும் ஏன் கேக்கறீங்க?

ஜெயந்தி_க்ளாஸ்ரூம்

முரளி அண்ணா, உங்களை ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன். எந்த அப்பாவும் அதைத்தான் பண்ணியிருப்பார். வீட்டு விலையை வெச்சு ஸ்கூலைப் பிரிக்கற அநியாயத்தைப் பத்தி நீங்க சொன்னதும் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அந்த ஏழாம் கிரேடு கிளாஸ்ல உங்க பொண்ணோட சேத்து 33 பேர் இருந்திருப்பாங்க. லாட்டரில பேரு விழாத மத்த 32 பேருக்கு மேத்ஸ் டீச்சர் வந்தாங்களா? நீங்க இருந்திருந்தா பிரின்சிபால் ரூம் வாசல்ல போய் நின்னு கேட்டிருப்பீங்க, உங்களை மாதிரி கேக்கக் கூடியவங்க ஒவ்வொருத்தரா வெளிய போனதும் அங்க கேக்க ஆள் இல்லாமப் போச்சு. எனக்கு வலிக்கறது அது.

சரவணன்_ஓக்லண்ட்

ஜெயந்தி சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். சார்ட்டர்ல படிப்பே வராதுன்னு நாம சொல்லக் கூடாது முரளி, அது பொய். ஸ்டான்ஃபோர்டுல இருக்கற க்ரெடோங்கற கல்வி ஆய்வு மையத்தோட ஆய்வு 2009-ல வந்தப்ப 17 சதவீத சார்ட்டர்தான் மேத்ஸ்ல பக்கத்து பப்ளிக் ஸ்கூலை விட நல்லா பண்ணுது, 37 சதவீதம் மோசம்னு வந்துச்சு. அதே க்ரெடோ 2023-ல சராசரியா சார்ட்டர் பசங்க வருஷத்துக்கு ரீடிங்ல 16 நாள் பாடம், மேத்ஸ்ல 6 நாள் பாடம் கூட கத்துக்கறாங்கன்னு சொல்லுது. அதே ரிப்போர்ட்ல ஆன்லைன் சார்ட்டர் மேத்ஸ்ல 124 நாள் பின்தங்கி இருக்கு, அது ஒரு வருஷப் படிப்புல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு. மேத்ஸ்ல 6 நாள்ங்கறது ஒரு வாரம். அதுக்காக ஊர் ஸ்கூல் லைப்ரரியை மூடணுமாங்கறதுதான் என் கேள்வி.

ரவி_கொலம்பஸ்

ஒஹையோல இருந்து எழுதறேன். ஆன்லைன் சார்ட்டர்னு பேச்சு வந்ததால சொல்லியே ஆகணும். எங்க ஸ்டேட்ல ஈகாட்னு ஒரு ஆன்லைன் சார்ட்டர், 2000-ல ஆரம்பிச்சது, ஒரு கட்டத்துல 15,000-க்கும் மேல பசங்க இருக்காங்கன்னு கணக்கு காட்டி பணம் வாங்கினாங்க. ஸ்டேட் லாக்-இன் விவரத்தை எடுத்துப் பாத்தா 6,300 பேருக்குத்தான் முழுப் படிப்பு படிச்சதுக்கு ஆதாரம் இருந்துச்சு. கிட்டத்தட்ட 80 மில்லியன் டாலர் திருப்பிக் கட்டுன்னாங்க. 2018 ஜனவரில, நடு வருஷத்துல, இழுத்து மூடிட்டாங்க. 12,000 பசங்க ஒரே வாரத்துல வேற ஸ்கூல் தேடினாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பையன் அப்ப ஹைஸ்கூல் கடைசி வருஷம், ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்கறதுக்கே அவங்கம்மா நாள் கணக்கா ஃபோனைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கடைசில அவனைச் சேத்துக்கிட்டது எங்க சாதாரண டிஸ்ட்ரிக்ட் ஹைஸ்கூல்தான்.

உங்க கலிஃபோர்னியாலயும் 2019-ல ஏ3ங்கற ஆன்லைன் சார்ட்டர் கம்பெனி மேல கேஸ் வந்துச்சே, சம்மர்ல விளையாட்டு டீம்ல இருந்த பசங்க பேரை எல்லாம் ஆன்லைன் சார்ட்டர்ல சேத்ததா காட்டி ஸ்டேட் பணம் வாங்கினாங்க, சான் டியாகோல 11 பேர் மேல குற்றப்பத்திரிகை. நல்ல ஆளுங்க நடத்தற சார்ட்டர் நிறைய இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா வரிப்பணம் போற இடத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு நாம தேர்ந்தெடுக்கற உரிமை இல்லன்னா, தப்பு நடந்தா யார் வாசல்ல போய் நிக்கறது? கலிஃபோர்னியால சார்ட்டர் போர்டு மீட்டிங் எல்லாருக்கும் திறந்திருக்கணும்னு இப்ப சட்டம் இருக்கு, நல்லது. ஆனா மீட்டிங்ல போய் உட்காரலாமே தவிர அந்த போர்டு மெம்பரை உங்களால ஓட்டு போட்டு இறக்க முடியாது. பப்ளிக்ங்கற வார்த்தைக்கு பணம் மட்டும் பொதுவா இருந்தா பத்தாது. வாஷிங்டன் ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் 2015-ல இதையேதான் சொல்லுச்சு, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டு இல்லாத ஸ்கூலை பொதுப்பள்ளின்னு சொல்ல முடியாதுன்னு. அப்புறம் பணம் வர்ற வழியை மாத்தி புது சட்டம் போட்டு திரும்ப கொண்டு வந்தாங்க, அது வேற கதை.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இந்த சார்ட்டர் ஐடியாவை 1988-ல நாடு பூரா பேச வெச்சதே ஒரு டீச்சர் யூனியன் தலைவர், ஆல்பர்ட் ஷாங்கர். டீச்சர்களே சேந்து புது முறையில சொல்லிக் குடுத்துப் பாக்கட்டும், நல்லா வந்தா மத்த ஸ்கூலுக்கும் கொண்டு போகலாம்னு சொன்னார். 1991-ல மினசோட்டா முதல் சட்டம் போட்டுச்சு. கொஞ்ச வருஷத்துல கம்பெனிகள் உள்ள வர்றதைப் பாத்துட்டு அவரே எதிர்க்க ஆரம்பிச்சிட்டார். நியூ ஆர்லியன்ஸ்ல 2005 கட்ரீனா வெள்ளத்துக்கு அப்புறம் 7,000-க்கும் மேல ஸ்கூல் ஊழியர்களை வேலையை விட்டு எடுத்தாங்க, பல பேர் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்கள். 2019-க்குள்ள ஊர்ல டிஸ்ட்ரிக்ட் நேரடியா நடத்தற ஸ்கூல் ஒண்ணுகூட இல்ல. 2024-லதான் மறுபடி ஒண்ணே ஒண்ணு திறந்தாங்க. ஒரு தடவை கைவிட்டுப் போனா திரும்பி வர எவ்ளோ வருஷம் ஆகுதுன்னு பாத்துக்கோங்க.

எதிர்த்தா ஒண்ணும் நடக்காதுன்னும் நினைக்காதீங்க நித்யா. மாசச்சூசெட்ஸ்ல 2016-ல வருஷத்துக்கு 12 புது சார்ட்டர் வரைக்கும் அனுமதிக்கலாமான்னு ஓட்டெடுப்பு வெச்சாங்க, வெளியூர்ப் பணம் அவ்ளோ கொட்டியும் 62 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. வீடு வீடா போய் பேசினது டீச்சர்களும் அம்மாக்களும்தான்.

நித்யா_பேஏரியா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முரளி அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு அழுகையே வந்துச்சு, உங்க நிலைமைல நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன். எங்க டிஸ்ட்ரிக்ட்ல அந்த நிலைமை இல்ல, இங்க அட்வான்ஸ்ட் மேத்ஸ் ஆறாம் கிரேடுலயே இருக்கு, ரோபாட்டிக்ஸ் இருக்கு. அவங்க பெட்டிஷன்ல 140 பக்கத்தையும் படிச்சேன், புதுசுன்னு சொல்ற எதுவும் எனக்கு புதுசா தெரியல. ஸ்பெஷல் எட் பத்தி இருக்கற பகுதி பொதுவா எழுதியிருக்கு, எத்தனை டீச்சர், எத்தனை தெரபிஸ்ட்னு ஒரு எண் கூட காணோம். ஜெயந்தி அக்கா சொல்லலன்னா நான் அதைத் தேடியிருக்கவே மாட்டேன்.

ஈமெயில் போட்டாச்சு. பதில் வந்துச்சு, கிடைச்சது, ரெக்கார்ட்ல சேத்துட்டோம்னு.

2 நிமிஷத்துக்கு எழுதி வெச்சுட்டேன். முதல்ல என் கையெழுத்து எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லிட்டு, என்னை அந்தக் கணக்குல இருந்து எடுங்கன்னு கேக்கப் போறேன். அப்புறம் லைப்ரரியைப் பத்தி. அவங்க பேரைச் சொல்லாம, போன வருஷம் என் பொண்ணு படிக்கவே பிடிக்கலன்னு அழுதப்ப, படம் நிறைய இருக்கற ஆமைக் கதை ஒண்ணை எடுத்துக் குடுத்து மறுநாள் "ஆமை எங்க வரைக்கும் போச்சு"ன்னு கேட்டாங்கல்ல, அதைச் சொல்லப் போறேன். கடைசில 1505-ல இருக்கற, இருக்கற சேவை பாதிக்குமா, ஏற்கனவே இருக்கற ப்ரோக்ராமையே திரும்ப கொண்டு வருதாங்கற ரெண்டு காரணத்தையும் பேர் சொல்லிக் கேப்பேன். கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சுப் பாத்தேன், 2 நிமிஷம் 20 வினாடி வருது. எதை வெட்டறதுன்னு தெரியல.

சரவணன்_ஓக்லண்ட்

ஆமையை வெட்டாதீங்க. முதல்ல வர்ற வணக்கம், நன்றி, எத்தனை வருஷமா இங்க இருக்கோம்ங்கறதை எல்லாம் எடுத்துருங்க, 20 வினாடி அதுலயே போயிடும். பேசணும்னு பேர் எழுதிக் குடுக்கற ஸ்பீக்கர் கார்டை மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, சில போர்டுல அதுக்கு அப்புறம் வாங்க மாட்டாங்க.

முரளி_எல்ஏ

நித்யா, நான் சார்ட்டரை எதிர்க்கறவன் இல்ல, அது மாறல. ஆனா ஜெயந்தி கேட்ட அந்த 32 பேரைப் பத்தி ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருக்கேன். எங்க பழைய மிடில் ஸ்கூல்ல இப்ப மேத்ஸ் டீச்சர் இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போயே ஆறேழு வருஷம் ஆச்சு. இந்த மாசம் அந்த டிஸ்ட்ரிக்ட் போர்டு மீட்டிங் என்னைக்குன்னு பாத்து வெச்சிருக்கேன்.

நித்யா_பேஏரியா

சரவணன் சார், வணக்கத்தை எடுத்தாச்சு, 1 நிமிஷம் 55 வினாடி. வீட்டுக்காரர் புதன்கிழமை சீக்கிரம் வந்து பசங்களைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். தமிழ்ப் பள்ளில அதே ஃபார்ம்ல கையெழுத்து போட்ட இன்னும் மூணு அம்மாக்களைக் கண்டுபிடிச்சிட்டேன், ரெண்டு பேர் என் கார்லயே வர்றாங்க.